கண்ணாடி விரியன் கடியும் அளக்கப்படாத சிறுநீரும்: ஒரு நர்சிங் மாணவியின் நிகழ்வு ஆய்வு

பி.எஸ்சி. நர்சிங் மாணவர்கள் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி, போகும் இடத்தில் ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு கேஸ் ஸ்டடி எழுத வேண்டும். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் நான்காம் செமஸ்டர் மாணவி ஒருவர் அப்படி எடுத்த கேஸ் இது. அவரோடு வார்டில் நின்ற ஆசிரியை என்ற முறையில் நடந்ததை நேர வரிசைப்படி எழுதுகிறேன். நோயாளியின் பெயர், ஊர், அடையாளம் காட்டும் விவரம் எதையும் சேர்க்கவில்லை.

எழுதத் தூண்டிய காரணம் ஒன்றுதான். இந்த நோயாளியின் சிகிச்சைப் போக்கை மாற்றிய இரண்டு தகவல்களும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம் இருந்தன. மாணவி கேட்டார், கிடைத்தன. ஆனால் அவர் எழுதிக் கொண்டுவந்த முதல் கேஸ் ஸ்டடியில் அந்த இரண்டுக்கும் இடமே இல்லை. நம் பாடத்திட்டம் மாணவர்களை எதை எழுதப் பழக்குகிறது, எதை விட்டுவிடப் பழக்குகிறது என்பது அதில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

நோயாளியின் முன்கதை

வயது 44. கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பம் பக்கத்து விவசாயி. கொஞ்சம் சொந்த நிலம், மீதி குத்தகை. கரும்பும் நெல்லும் போடுகிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் கிடையாது. பீடிப் பழக்கம் உண்டு. எடை 58 கிலோ.

இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடப் போயிருக்கிறார். டார்ச் எடுக்கவில்லை, செருப்பை வரப்பிலேயே கழற்றிவிட்டார். வலது புறங்காலில் கடி. அப்போது மணி 10.45 இருக்கும். பாம்பைக் கண்ணால் பார்க்கவில்லை. கடிக்கும் முன்னால் குக்கரில் ஆவி போவதுபோல நீளமாக ஒரு சீறல் கேட்டதாகச் சொன்னார். கடித்த உடனே தாங்க முடியாத எரிச்சல், அரை மணி நேரத்துக்குள் பாதம் முழுக்க வீக்கம்.

இந்த மூன்றையும் மாணவி அப்படியே குறித்துக்கொண்டது நல்ல காரியம். உரத்த நீண்ட சீறல், உடனடி வலி, வேகமான வீக்கம் மூன்றும் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது கண்ணாடி விரியன். கட்டு விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருப்பதில்லை, தூக்கத்தில் கடிபட்டவருக்குக் கடித்ததே தெரியாமல் போவதும் உண்டு. ஆனால் மருந்து கொடுக்க பாம்பின் பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இந்தியாவில் கிடைக்கும் ஏஎஸ்வி என்ற பாம்பு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. அதற்கான விஷத்தின் பெரும்பகுதி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. நம் வார்டுகளில் தொங்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் இருளர்களின் உழைப்பு இருக்கிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் நான் அந்தப் பாடத்தைத் தொடங்குவதில்லை.

கடித்த பிறகு நடந்தவை நமக்குப் பழக்கமானவை. துண்டால் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார்கள். பிளேடால் கீறினார்கள். பக்கத்து ஊரில் மந்திரிப்பவரிடம் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. முதல் மருத்துவமனைக்கு வந்தபோது மணி இரவு 1.30. ரத்தம் உறையவில்லை. 1.55-க்கு 10 குப்பி ஏஎஸ்வி ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் முடித்தார்கள். சிறுநீரகம் பாதித்தால் டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். எங்கள் வார்டுக்கு வந்தது 5.30-க்கு.

காலை ஷிஃப்ட்

7.30-க்கு ஹேண்ட்ஓவர். நாடித்துடிப்பு 112, ரத்த அழுத்தம் 100/60, மூச்சு 22. ஈறில் ரத்தக் கசிவு, கேனுலா போட்ட இடத்தில் கசிவு, பிளேடால் கீறிய இடத்தில் நிற்காத கசிவு. வீக்கம் கெண்டைக்கால் பாதி வரை. மாணவி பேனாவால் வீக்கத்தின் எல்லையைக் கோடு போட்டு நேரம் எழுதினார், இரண்டு கால்களின் சுற்றளவையும் டேப் வைத்து அளந்தார்.

முதல் டோஸ் ஆரம்பித்து ஆறு மணி நேரம் கழித்து, 7.55-க்கு, மறுபடியும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை. கேட்க எளிமையான சோதனைதான்: 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆடாமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். எளிமையாக இருப்பதாலேயே இதில் நிறையத் தப்பு நடக்கிறது. குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக் குழாயில் நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. வார்டு டிரேயில் பிளாஸ்டிக் குழாய்கள்தான் இருந்தன. மாணவி கேட்டதும் ஸ்டாஃப் நர்ஸ் அலமாரியைத் திறந்து புதிய கண்ணாடிக் குழாயை எடுத்துக் கொடுத்தார். பாம்புக்கடிக்கென்றே பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த சிஸ்டரை மனதாரப் பாராட்டுகிறேன். குழாயைச் சுவரோரம் வைத்து, பக்கத்தில் நேரத்தை எழுதி ஒட்டி, யாரும் தொடாமல் மாணவி பார்த்துக்கொண்டார். 8.15-க்குச் சாய்த்ததும் ரத்தம் முழுவதும் ஓடியது.

மருத்துவர் இரண்டாவது டோஸுக்கு எழுதினார். 10 குப்பிகள், ஒவ்வொன்றிலும் 10 மில்லி நீர் விட்டு, குலுக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும். அவசரம் பார்த்து அவசரப்படக் கூடாத வேலை. ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய அட்ரினலினை சிரிஞ்சில் ஏற்றி, பெயர் எழுதி, தலைமாட்டில் வைத்த பிறகுதான் 8.40-க்கு டிரிப் திறந்தோம்.

8.52-க்கு நோயாளி முதுகைச் சொறிந்தார். “பாப்பா, அரிக்குது” என்றார், அவ்வளவுதான். மாணவி சட்டையைத் தூக்கிப் பார்த்தார், தடிப்பு. உடனே டிரிப்பை மூடிவிட்டு சிஸ்டரைக் கூப்பிட்டார். அடுத்த ஒரு நிமிடத்தில் நோயாளிக்கு இருமல், நாடி 130, ரத்த அழுத்தம் 84/50. அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தொடைத் தசையில் போடச் சொன்னபோது மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தார். “ரத்தம் உறையாத நோயாளிக்குத் தசையில் ஊசி போடக் கூடாது என்று படித்தோமே மேடம்?”

கேட்டது சரியான கேள்வி. ரத்தம் உறையும் வரை டெட்டனஸ் ஊசியைக்கூடத் தள்ளி வைக்கிறோம். ஆனால் ஒவ்வாமை அதிர்ச்சி வரும்போது அந்த விதிக்கு இது விலக்கு. அட்ரினலின் தாமதமானால் நிமிடங்களில் உயிர் போகும். தொடையில் வரக்கூடிய ரத்தக்கட்டை அழுத்திப் பிடித்துச் சமாளிக்கலாம். ஊசி போட்டதும் அந்த இடத்தை மாணவியே வெகுநேரம் அழுத்திப் பிடித்திருந்தார். ஒவ்வாமையைத் தணிக்கும் மற்ற மருந்துகளான ஹைட்ரோகார்டிசோனும் ஏவிலும் அதற்கப்புறம்தான் போயின. ஒவ்வாமை அடங்கிய பிறகு 9.15-க்கு டிரிப்பை மெதுவான வேகத்தில் மறுபடி தொடங்கினோம். பாக்கி மருந்து முழுவதும் ஏறியது. அரிப்பு வந்துவிட்டதே என்று ஏஎஸ்வியை அடியோடு நிறுத்திவிடக் கூடாது, விஷத்துக்கு வேறு மருந்து கிடையாது.

கேட்ட கேள்வி

ஹேண்ட்ஓவரில் சிறுநீரைப் பற்றி ஒரே வார்த்தை: “போனார்.” உள்ளே போகும் நீரையும் வெளியேறும் நீரையும் குறிக்கும் ஐ.ஓ. சார்ட்டில் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் மட்டும். எத்தனை மில்லி, எப்போது, என்ன நிறம் எதுவும் இல்லை. ஏழெட்டு மணி நேரத்தில் மூன்று இடங்களில் மாறிய நோயாளிக்கு இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு இடத்திலும் முந்தைய இடத்தில் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

9.30 வாக்கில் நோயாளி கண் அசந்தார். அவர் மனைவி அவரைத் தட்டி எழுப்பினார். பாம்பு கடித்தவர் தூங்கினால் விஷம் தலைக்கு ஏறிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸிலும் எழுப்பிக்கொண்டேதான் வந்திருக்கிறார். மாணவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அக்கா, தூங்கட்டும். நான் நாடி பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்” என்றார். விஷம் நரம்பைத் தாக்கியிருக்கிறதா என்று அறிய இமை தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா என்று ஏற்கெனவே பார்த்திருந்ததால் அதை நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது. அந்த அம்மாவுக்கு அப்போதுதான் பேச வாய் வந்தது. பேச்சோடு பேச்சாக மாணவி, அண்ணன் கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்று கேட்டார்.

“அந்த ஆஸ்பத்திரியில ஒருவாட்டி போனாரும்மா, கொஞ்சூண்டு, செவப்பா. அப்புறம் எங்க போனாரு? நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன், வரலைங்கறாரு.”

அப்படியென்றால் இரவு 2 மணியிலிருந்து ஒரு சொட்டும் இல்லை, இத்தனைக்கும் நிறைய சலைன் ஏறியிருக்கிறது. மாணவி அடுத்த நிமிடமே ஸ்டாஃப் நர்ஸிடம் சொன்னார், சிஸ்டர் மருத்துவரிடம் சொன்னார். 9.45-க்கு சிறுநீரை வெளியேற்றும் கதீட்டர் குழாயைப் போட்டார்கள். கருஞ்சிவப்பில் 70 மில்லி வந்தது. அதன் பிறகு மணிக்கு மணி அளவு. 1.45 வரை நான்கு மணி நேரத்தில் மொத்தம் 38 மில்லி.

இங்கே கணக்கு முக்கியம். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லி என்று வைத்தால் 58 கிலோ எடைக்கு மணிக்கு 29 மில்லி, நான்கு மணி நேரத்துக்கு 116 மில்லி வர வேண்டும். வந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. இதே முறையில் மாணவி 11.45-க்கே கணக்குப் போட்டு, ஷிஃப்ட் முடியும் வரை வைத்திருக்காமல் சொல்லிவிட்டார். விடிகாலை எடுத்த ரத்தத்தில், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.3 என்று வந்திருந்ததால் அதுவரை யாருக்கும் பெரிய கவலை இல்லை. கிரியாட்டினின் ஏறப் பல மணி நேரம் ஆகும், சிறுநீர் முன்னாலேயே குறைந்துவிடும். பிற்பகல் கிரியாட்டினின் 2.2 ஆகியிருந்தது. சிறுநீரக மருத்துவர் அன்றைக்கே வந்து பார்த்தார், சலைன் வேகத்தைக் குறைத்தார், சிறுநீரகத்துக்கு ஆகாத வலி மருந்து ஒன்றை நிறுத்தினார்.

கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தின் உறைதல் காரணிகளை, குறிப்பாக ஐந்தாவதையும் பத்தாவதையும், கண்டபடி தூண்டிவிட்டுச் செலவழித்துவிடுகிறது. உடம்பெங்கும் ரத்தம் உறையாமல் கசியும் அதே நேரத்தில் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தக் கட்டிகள் அடைத்துக்கொள்ளும். குறைந்த ரத்த அழுத்தமும், உடைந்த ரத்த அணுக்களிலிருந்து வரும் நிறமியும் அதோடு சேர்கின்றன. ரத்தம் உறைய ஆரம்பித்த பிறகும் சிறுநீரகம் மோசமாகிக்கொண்டே போகலாம் என்பது இதனால்தான். இவருக்கு அப்படித்தான் ஆனது. 2.40-க்குச் செய்த சோதனையில் ரத்தம் உறைந்தது, இரவு 8.40-க்கும் உறைந்தது, மூன்றாவது டோஸ் தேவைப்படவில்லை. மொத்தம் 20 குப்பி. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் சிறுநீர் 140 மில்லிதான்.

இரண்டாம் நாள் காலை கிரியாட்டினின் 4.0, பொட்டாசியம் 5.6. உள்ளே போகும் நீரை எழுத வேண்டிய கட்டத்தில் டிரிப்பும் இரண்டு டம்ளர் தண்ணீரும் இருந்தன. மாணவி மறுபடியும் அந்த அக்காவைக் கேட்டார்: தண்ணி தவிர வேறு என்ன குடித்தார்? நேற்று சாயங்காலம் தம்பி இளநீர் வாங்கி வந்தான், ஒன்று குடித்தார், இன்னொன்று பைக்குள் இருக்கிறது. விஷச் சூடு தணியும் என்று வாங்கி வந்தது. அன்போடு கொடுத்தது. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு இளநீர் மாதிரி ஆபத்தானது குறைவு, பொட்டாசியம் நிறைந்தது, இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது. மாணவி திட்டவில்லை. “அண்ணன் உடம்புல இருந்து உப்பு வெளிய போக வழி அடைச்சிருக்கு அக்கா, இளநீர்ல அந்த உப்பு ஜாஸ்தி. சரியானதும் நானே வாங்கித் தரேன்” என்றார். பைக்குள் சாத்துக்குடியும் இருந்தது, அதையும் அந்த அம்மாவே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் கிரியாட்டினின் 5.8, பொட்டாசியம் 6.3, ஈசிஜியில் மாற்றம். டயாலிசிஸ் தொடங்கியது. எப்படியும் டயாலிசிஸ் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தயாராக, பகல் நேரத்தில், இதயம் தடுமாறுவதற்கு முன்னால் வந்தது. இரண்டாவது இளநீரும் சாத்துக்குடியும் போயிருந்தால் அது நடுராத்திரியில் அவசரமாக வந்திருக்கும்.

மாணவி கொண்டுவந்த நோட்டு

முதல் வடிவத்தில் சிறுநீரகத்தின் படம் கலர் பென்சிலில் அழகாக இருந்தது. உடற்கூறு, உடலியங்கியல், நோயின் வரையறை, காரணங்கள், புத்தகத்தில் உள்ள அறிகுறிகள் ஒரு பக்கம், நோயாளியிடம் உள்ளவை மறுபக்கம், மருந்து அட்டவணை. கடைசியில் ஐந்து கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்): வலி, தொற்று அபாயம், தூக்கமின்மை, பதற்றம், நோய் பற்றிய அறிவுக் குறைவு. இந்த ஐந்தையும் எந்த வார்டின் எந்த நோயாளிக்கும் எழுதலாம். மாணவர்களைக் குறை சொல்லவில்லை. சீனியர் நோட்டிலிருந்து ஜூனியர் நோட்டுக்கு இப்படியேதான் வந்துகொண்டிருக்கிறது, மதிப்பெண்ணும் கிடைக்கிறது.

என்னை வருத்தியது ஐந்தாவது. அந்த அம்மாவுக்கு அறிவுக் குறைவு என்று எழுதப்பட்டிருக்கிறது. கணவர் சிறுநீர் போகவில்லை என்பதை அந்தக் கட்டிடத்தில் அறிந்திருந்த ஒரே ஆள் அவர்தான். அவரிடம் கேட்டுப் பெற்றதை மாணவி வார்டில் அவ்வளவு நன்றாகச் செய்துவிட்டு, நோட்டில் எழுதத் தகுந்ததாகவே நினைக்கவில்லை. ஏன் விட்டாய் என்று கேட்டேன். “அது சும்மா பேசினதுதானே மேடம்.”

2021–22 முதல் இந்திய நர்சிங் கவுன்சில் பி.எஸ்சி. நர்சிங்கை எட்டு செமஸ்டராக மாற்றியிருக்கிறது. மருத்துவ, அறுவை நர்சிங் பாடங்கள் மூன்றாம், நான்காம் செமஸ்டர்களில் வருகின்றன. கிளினிக்கல் பயிற்சியில் ஒரு கிரெடிட்டுக்கு 80 மணி நேரம். பட்டம் வாங்க கிளினிக்கல் வருகை 100 சதவீதம் வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் மணி நேரத்தை எண்ணுகிற அளவுக்கு, அந்த நேரத்தில் மாணவர் எதைக் கண்டுபிடித்தார் என்பதை நாம் எண்ணுவதில்லை. பாம்புக்கடியோ, அவசரச் சிகிச்சைப் பகுதிக்குள் சில வரிகளாக அடங்கிவிடுகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது, ஆண்டுக்குச் சராசரி 58,000. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கடலூர், புதுச்சேரி பக்கம் படிக்கிற நர்சிங் மாணவர் வேலைக்குச் சேர்ந்ததும் சந்திக்கப்போகிற கேஸ் இது. அவர் கையில் இருக்க வேண்டியது கலர் பென்சில் படமல்ல.

மறுபடி எழுதச் சொன்னேன். உடற்கூறு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, முதல் பக்கத்திலேயே நேர அட்டவணை வர வேண்டும், ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே அதை யார் சொன்னார் என்று எழுத வேண்டும், பராமரிப்பு முன்னுரிமைகளை நேரம் போட்டு மாற்றி மாற்றி எழுத வேண்டும். இரண்டாவது வடிவம் பாதி தடிமன்தான். அதில் காலை 7.55-க்கு முதல் முன்னுரிமை ரத்தக் கசிவு. 8.40-க்கு ஏஎஸ்வி ஒவ்வாமை. 9.30-க்கு அது சிறுநீரகத்துக்கு இடம் விட்டது. இரண்டாம் நாள் பொட்டாசியம் மேலே வந்தது. தொற்று, காலில் கொப்புளம் உடைந்த ஐந்தாம் நாள்தான் மேலே ஏறியது. அதே நோயாளி, அதே மாணவி. ஆனால் இதைப் படிக்கிற எவருக்கும் அடுத்த மணி நேரம் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

நேர அட்டவணையை எழுத உட்கார்ந்தபோது மாணவியே ஒன்றைக் கண்டுபிடித்தார். இரவு 2 மணிக்கும் 9.30-க்கும் இடையில் சிறுநீர் கட்டத்தில் எழுத அவரிடம் எதுவுமே இல்லை. பழைய வடிவத்தில் அந்த வெற்றிடம் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

பின்தொடர்தல்

மொத்தம் ஐந்து டயாலிசிஸ். ஒன்பதாம் நாள் லேசான காய்ச்சல், முழங்கால் வலி, உடம்பெல்லாம் அரிப்பு. குதிரைச் சீரத்திலிருந்து செய்யப்படும் ஏஎஸ்விக்குப் பிறகு ஒரு வாரம் கழித்து வரக்கூடிய தாமத ஒவ்வாமை. மாத்திரையில் அடங்கியது. பன்னிரண்டாம் நாள் சிறுநீர் 900 மில்லி, அப்புறம் இரண்டு லிட்டருக்கு மேல். இந்தக் கட்டத்தில் நீரிழப்பும் பொட்டாசியம் குறைவதும்தான் பயம், ஆகவே ஐ.ஓ. சார்ட் மறுபடியும் தீவிரமானது. இப்போது அதை நிரப்பியது அந்த அம்மா. மில்லி கோடு போட்ட ஜாடியை மாணவி அவரிடம் கொடுத்து, அளக்கக் காட்டிக் கொடுத்திருந்தார். டிஸ்சார்ஜ் 21-ஆம் நாள், கிரியாட்டினின் 1.7.

டிஸ்சார்ஜ் அன்று மாணவி சொன்னவை: இரவில் டார்ச்சும் பூட்ஸும் இல்லாமல் வயலில் இறங்கக் கூடாது, கடித்தால் கட்டாமல், கீறாமல், காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும், மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கக் கூடாது. கண்ணாடி விரியன் விஷம் சிலருக்கு மூளையின் அடியில் ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியைப் பாதித்து மாதங்கள் கழித்து வெளியே தெரியும். காரணமில்லாத அசதி, குளிர் தாங்காமை, தாடி மீசை உதிர்தல், தாம்பத்திய ஆசை குறைதல் வந்தால் பாம்பு கடித்ததைச் சொல்லி டாக்டரைப் பார்க்க வேண்டும். கடைசி விஷயத்தைப் பேச மாணவிக்குக் கூச்சமாக இருந்தது, ஆண் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரை அழைத்து நோயாளியிடம் தனியாகச் சொல்ல வைத்தார்.

ஆறு வாரம் கழித்து ரிவியூவுக்கு இருவரும் வந்தார்கள். கிரியாட்டினின் 1.2. காலில் தழும்பு இருக்கிறது, பாதத்தை முழுதாக மடக்க இன்னும் கஷ்டம், பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாணவி அன்று குழந்தைகள் வார்டில் போஸ்டிங்கில் இருந்தார். அந்த அம்மா தேடிப்போய்ப் பார்த்து, இனி இளநீர் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். பொட்டாசியம் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் கேட்டு, கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.